சின்னக் காருக்கு டிராக் டயர்: சுருக்கினால் மட்டும் போதுமா?

உங்கள் வீட்டில் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் ஒன்று இருந்தால், அதை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடித்தட்டில் பொடி எழுத்தில் 'மலேசியா' என்று பொறித்திருக்கலாம். டத்தோ கிராமாட் சாலையிலிருந்து படகுத்துறைக்குப் போய் ஃபெர்ரி ஏறினால் அக்கரையில் பட்டர்வொர்த். அதற்குச் சற்றுத் தெற்கே பிறை தொழிற்பேட்டை. அங்கே மேட்டல் நிறுவனத்தின் ஆலையில் வார்க்கப்பட்ட குட்டிக் கார்கள் உலகின் பல நாட்டுப் பிள்ளைகளின் கைகளுக்குப் போயிருக்கின்றன.

இப்போது அந்தக் காரின் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்காது. அது கெட்டியான பிளாஸ்டிக். ஆனால் டிராக் பந்தயக் காரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்டயர் அகலமாக, வழவழப்பாக இருக்கும். புறப்படும் நொடியில் அதன் பக்கச் சுவர் கசங்கிய துணிபோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும்.

மாதிரிக் கார் கட்டும் மாணவர்களுக்கு இங்கே மூன்று கேள்விகள் எழும். அந்த டயர் ஏன் அப்படி இருக்கிறது? அதை அப்படியே சுருக்கி நம் குட்டிக் காரில் மாட்ட முடியுமா? மாட்டினால் அது உண்மையான டயரைப்போல் நடந்துகொள்ளுமா? விடை தேட உங்கள் இயற்பியல், கணிதம், வேதியியல் ஆகிய மூன்று பாடங்களும் உதவும்.

பாம்பும் கீரியும்

டிராக் பந்தயத்துக்கும் ஹாட் வீல்ஸ் கார்களுக்கும் பழைய உறவு உண்டு. ஹாட் வீல்ஸ் 1968-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டில், அமெரிக்காவின் புகழ்பெற்ற டிராக் ஓட்டுநர்கள் இருவருக்கு மேட்டல் நிறுவனம் ஆதரவாளர் ஆனது. ஒருவர் டான் புருடோம், பட்டப்பெயர் 'பாம்பு'. மற்றவர் டாம் மெக்யுவன், பட்டப்பெயர் 'கீரி'. 1970-இல் இருவருடைய கார்களும் பொம்மைகளாகவும் வந்தன. மஞ்சள் கார் பாம்புக்கு, சிவப்புக் கார் கீரிக்கு. பெரிய காரையும் குட்டிக் காரையும் ஒன்றாக வைத்துப் பேசும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

டிராக் பந்தயத்தின் விதி எளிமையானது. இரண்டு வாகனங்கள் நேர்க்கோட்டில் ஓடும், வளைவே கிடையாது. வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அதனால்தான் நம் நாட்டிலும் இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் '402' என்கிறார்கள். மிக வேகமான 'டாப் ஃபியூயல்' வகை வாகனங்களுக்குப் பாதுகாப்புக் கருதி 2008 முதல் அமெரிக்காவில் தூரம் ஏறத்தாழ 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

டாப் ஃபியூயல் வாகனம் நின்ற நிலையிலிருந்து ஒரே விநாடிக்குள் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். நாம் ஒரு பொருளை உயரத்திலிருந்து கீழே போட்டால், அந்த வேகத்தை அடைய அதற்கு நான்கரை விநாடி ஆகும். காற்றின் தடை இல்லாவிட்டாலும் அப்படித்தான். அதாவது, அந்த வாகனம் தரையில் ஓடும் வேகவளர்ச்சி, கீழே விழும் கல்லின் வேகவளர்ச்சியைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

இந்த உந்துதலை எல்லாம் தரைக்குக் கடத்துவது எது? எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இரண்டு பின்டயர்கள்தாம். அவை வழுக்கினால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை.

அகலம், மென்மை, குறைந்த காற்று

'உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல' என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பிறகு ஏன் இவ்வளவு அகலமான டயர்? நல்ல கேள்வி. அந்த விதி மரம், உலோகம் போன்ற கெட்டியான பொருள்களுக்கு ஓரளவு சரியாகப் பொருந்தும். ரப்பர் வேறு மாதிரி. அது தரையின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் புகுந்து, அவற்றின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். தரையோடு ஒட்டவும் செய்யும். ஒரே பாரம் பெரிய பரப்பில் பரவினால் ரப்பரின் பிடி கூடுகிறது. உண்டாகும் வெப்பமும் பரவிப்போகிறது.

பரப்பைக் கூட்ட இரண்டு வழிகள். ஒன்று, டயரை அகலமாக்குவது. டாப் ஃபியூயல் பின்டயரின் விட்டம் 36 அங்குலம், அகலம் 17.5 அங்குலம். உங்கள் ரூலரில் அளந்தால் 914 மில்லிமீட்டர் உயரம், 444 மில்லிமீட்டர் அகலம். இன்னொரு வழி, காற்றைக் குறைப்பது. அப்பாவின் காரில் 32 பி.எஸ்.ஐ. அளவில் காற்று அடிப்போம். டாப் ஃபியூயல் பின்டயரில் 7 பி.எஸ்.ஐ. அளவில்தான் காற்று இருக்கும்.

அழுத்தம் = விசை ÷ பரப்பு என்ற சூத்திரத்தை வைத்து நாமே கணக்குப் போடலாம். ஒரு டயரின்மேல் 4,500 நியூட்டன் பாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 32 பி.எஸ்.ஐ. என்பது ஏறத்தாழ 2,20,000 பாஸ்கல். வகுத்தால் தொடு பரப்பு 205 சதுர சென்டிமீட்டர். இது ஒரு ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கு. 7 பி.எஸ்.ஐ. என்பது ஏறத்தாழ 48,000 பாஸ்கல். வகுத்தால் 940 சதுர சென்டிமீட்டர். அது ஒன்றரை ஏ4 தாள்! டயரின் சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் காற்றைக் குறைப்பதன் பலன் தெளிவாகத் தெரிகிறது.

காற்று குறைவாகவும் சுவர் மெல்லியதாகவும் இருப்பதால்தான் புறப்படும்போது டயர் கசங்குகிறது. அச்சு சுற்றத் தொடங்கிவிடும். தரையைத் தொடும் பகுதியோ பிடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் இருக்கும் சுவர் முறுக்கிக்கொள்ளும். இதனால் எஞ்சினின் விசை ஒரே அடியாகத் தரையில் இறங்காமல், சற்றுத் தணிந்து இறங்குகிறது. பிறகு வேகம் ஏற ஏற, சுழற்சியால் டயர் வெளிப்பக்கம் இழுபட்டு உயரமாகவும் ஒடுக்கமாகவும் மாறுகிறது. டயரின் சுற்றளவு கூடுவதால் ஒரு சுற்றில் வாகனம் கடக்கும் தூரமும் கூடும். கியர் மாற்றாமலே கியர் மாற்றியதுபோன்ற பலன்!

பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்கள் டயரைப் புகை பறக்கச் சுழற்றுவதும் வேடிக்கைக்காக அல்ல. அப்போது ரப்பர் சூடேறி மென்மையாகிறது. ஒட்டியிருந்த தூசியும் மணலும் போய்விடுகின்றன. ஓடுபாதையிலும் ஒரு ரப்பர்ப் படலம் படிகிறது.

மொட்டை டயர் ஸ்லிக் ஆகாது

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். வழவழப்பான பந்தய டயரை 'ஸ்லிக்' என்பார்கள். "வரிப்பள்ளம் இல்லாத டயருக்குத்தானே பிடி அதிகம்? அப்படியானால் தேய்ந்த டயரை ஏன் மாற்ற வேண்டும்?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

ஸ்லிக் டயர் காய்ந்த, சுத்தமான ஓடுபாதைக்காகவே மென்மையான ரப்பரில் செய்யப்படுவது. மழை பெய்தால் டிராக் பந்தயத்தையே நிறுத்திவிடுவார்கள். சாலை டயரின் வரிப்பள்ளங்களுக்கு ஒரே வேலைதான்: தண்ணீரை வெளியேற்றுவது. அவை தேய்ந்துவிட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை. டயர் தரையைத் தொடாமல் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கும். பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. மேலும், பல ஆண்டு ஓடித் தேய்ந்த ரப்பர் வெயிலில் இறுகிப்போயிருக்கும். அது ஸ்லிக் அல்ல, மொட்டை டயர். பினாங்கில் மாலை மழை எப்போது கொட்டும் என்று யாருக்கும் தெரியாது.

கார் டயரின் பள்ளத்துக்குள் உற்றுப் பார்த்தால் அங்கங்கே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் தெரியும். அவைதாம் தேய்மான அடையாளங்கள். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டின் அளவுக்கு இறங்கிவிட்டால் டயரை மாற்ற வேண்டும். இன்றே வீட்டுக் காரில் பார்த்து அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள். அதுபோலவே, டிராக் பந்தயத்தின் இடம் பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ள ஓடுபாதை மட்டுமே. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பிடியும் இல்லை, அந்தப் பாதுகாப்பும் இல்லை.

சுருக்கினால் என்ன ஆகும்?

இனி மாதிரிக் காருக்கு வருவோம். கடைகளில் கிடைக்கும் கட்டுமானப் பெட்டிகள் பெரும்பாலும் 1:24 அல்லது 1:25 அளவு விகிதத்தில் இருக்கும். ஹாட் வீல்ஸ் கார்கள் ஏறத்தாழ 1:64. ஒவ்வொன்றுக்கும் சரியான டாப் ஃபியூயல் டயர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? உண்மையான அளவை விகித எண்ணால் வகுத்தால் போதும்.

1:24 — விட்டம் 38 மி.மீ., அகலம் 18.5 மி.மீ.
1:25 — விட்டம் 36.6 மி.மீ., அகலம் 17.8 மி.மீ.
1:64 — விட்டம் 14.3 மி.மீ., அகலம் 6.9 மி.மீ.

டயர் வாங்கப் போகும்போது இந்த எண்களை எழுதிக்கொண்டு ரூலரோடு போங்கள். பெட்டியில் 'டிராக் டயர்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் கார் டாப் ஃபியூயல் இல்லை என்றால் அந்த வகைக் காரின் உண்மையான டயர் அளவைத் தேடி அதே முறையில் வகுத்துக்கொள்ளுங்கள். உண்மையான டயரின் சுவரில் உயரமும் அகலமும் எண்களாகவே எழுதப்பட்டிருக்கும்.

அளவு சரியாகிவிட்டது. நடத்தை? இங்கேதான் இயற்கை நம்மை மடக்குகிறது. ஒரு பொருளை 25 மடங்கு சிறிதாக்கினால் அதன் நீளம் 25-இல் ஒரு பங்கு. பரப்பு 25 × 25 = 625-இல் ஒரு பங்கு. கனஅளவும் அதனால் எடையும் 25 × 25 × 25 = 15,625-இல் ஒரு பங்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1,050 கிலோ இருக்கும் வாகனம் அதே பொருள்களால் 1:25-இல் செய்யப்பட்டால் 67 கிராம்தான் இருக்கும்.

எடை 15,625 மடங்கு குறைகிறது. அதைத் தாங்கும் பரப்போ 625 மடங்குதான் குறைகிறது. அப்படியானால் டயரின்மேல் விழும் அழுத்தம் 25 மடங்கு குறைந்துவிடுகிறது. ரப்பரின் மீள்தன்மை மட்டும் அப்படியே இருக்கிறது. உண்மையான டயரை அதே ரப்பரில், அதே வடிவத்தில் துல்லியமாகச் சுருக்கிச் செய்தாலும், அது கெட்டியான டயர்போல விறைத்து நிற்கும். தரையில் அமுங்காது, கசங்காது. 

வேகத்தால் டயர் வளருவதும் நடக்காது. சுழலும் டயரை வெளியே இழுக்கும் தகைவு, அதன் விளிம்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். டாப் ஃபியூயல் வாகனம் மணிக்கு 530 கிலோமீட்டரை, அதாவது விநாடிக்கு 147 மீட்டரைத் தாண்டியும் போகும். உங்கள் மாதிரிக் கார் விநாடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் வேகம் 30 மடங்கு குறைவு. இழுக்கும் தகைவு ஏறத்தாழ 900 மடங்கு குறைவு.

ஆகவே முடிவு இதுதான்: வடிவத்தைச் சுருக்கலாம், நடத்தையைச் சுருக்க முடியாது. காட்சிக்கு வைக்கும் காரின் டயர் வேறு. ஓட்டும் காரின் டயர் வேறு. டயர் தேடும் முன் உங்கள் கார் எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்.

காட்சிக்கு வைக்கும் கார்

காட்சிக் காரில் கசங்கலையும் அமுங்கலையும் நாம்தான் வடிக்க வேண்டும். பக்கச் சுவரில் மடிப்புகளோடு ரெசினில் வார்த்த டயர்கள் கிடைக்கின்றன. முப்பரிமாண அச்சு இயந்திரத்திலும் செய்யலாம். ஆனால் கவனியுங்கள்: மடிப்பு புறப்படும் நொடியில்தான் நன்றாகத் தெரியும். கார் சும்மா நிற்பதாகக் காட்டினால் அழுத்தமான மடிப்பு பொருந்தாது. கீழ்ப்பகுதி சற்றுத் தட்டையாக இருந்தாலே போதும். மெல்லிய உப்புத்தாளைத் தரையில் வைத்து டயரின் அடியை மட்டும் சில முறை தேய்த்தால் பாரம் ஏறிய தோற்றம் வரும்.

பளபளப்பும் கூடாது. ஓடிய ஸ்லிக் மங்கலான சாம்பல் கலந்த கறுப்பாக இருக்கும். தரையைத் தொடும் பகுதியை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் அந்த நிறம் கிடைக்கும். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, முகக்கவசமும் அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

இனி வேதியியல். பல பெட்டிகளில் வரும் கறுப்பு டயர் ரப்பரே அல்ல, மென்மையாக்கப்பட்ட பி.வி.சி. பிளாஸ்டிக். பி.வி.சி. இயல்பில் கெட்டியானது. தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதை மென்மையாக்க எண்ணெய் போன்ற ஒரு சேர்மத்தைக் கலக்கிறார்கள். அதற்கு நெகிழியாக்கி என்று பெயர். அது டயருக்குள்ளேயே நிற்பதில்லை. மாதக்கணக்கில் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் சக்கரத்துக்குள் ஊடுருவி அதை இளக்கிவிடும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அழகாகக் கட்டிய காரின் சக்கரம் உருகியதுபோல் டயரோடு ஒட்டிக்கிடக்கும்.

இதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். பென்சில் பெட்டியில் அழிப்பானும் பிளாஸ்டிக் ரூலரும் நெடுநாள் ஒட்டிக் கிடந்தால் ரூலரில் குழி விழும். அதே வேதியியல்தான். பிளாஸ்டிக் அழிப்பானுக்குக் காகித உறை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மாதிரிக் காருக்கும் அதே மருந்து: டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றிவிடுங்கள். வெப்பம் இந்த ஊடுருவலை விரைவுபடுத்தும். அதனால் வெயில் படும் சன்னலோரத்தில் காரை வைக்காதீர்கள்.

ஓட்டும் கார்

மறுபடியும் பிறை ஆலையின் காருக்கு வருவோம். அதன் சக்கரம் கெட்டியாக இருப்பது குறையா? இல்லை. ஹாட் வீல்ஸ் காருக்கு எஞ்சின் கிடையாது. சரிவுப் பாதையில் அதை இழுப்பது புவியீர்ப்பு. புவியீர்ப்பு கார் முழுவதையும் இழுக்கிறது. சக்கரம் தரையைத் தள்ள வேண்டிய தேவையே இல்லை. சக்கரம் தடையில்லாமல் உருண்டால் போதும். மென்மையான டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரிந்து ஆற்றலை வெப்பமாக இழக்கும். அதனால் சரிவில் ஓட்டக் கெட்டியான, மெல்லிய சக்கரமே நல்லது. 1983-இல் 'ரியல் ரைடர்ஸ்' என்ற பெயரில் ரப்பர் டயர் போட்ட ஹாட் வீல்ஸ் கார்கள் வந்தன. பார்க்க அவை உண்மையான கார் போலவே இருக்கும். சரிவுப் பாதையில் ஓட்டத்துக்கு பிளாஸ்டிக் சக்கரமே ஏற்றது.

உங்கள் காரில் மின்மோட்டார் இருந்தால் கதை மாறும். அப்போது சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை காரை முன்னோக்கித் தள்ளும். பிடி தேவை. ரப்பர், சிலிகோன், நுரைரப்பர் டயர்கள் இங்கே பொருத்தமானவை.

செய்து பாருங்கள்

தேவையான பொருள்கள்: பொம்மைக் கார், வழவழப்பான ஒரு பலகை, ஒட்டுநாடா, அகலமான ரப்பர் வளையங்கள், ரூலர், ஈரத்துணி.

1. நான்கு சக்கரங்களும் சுழலாதபடி ஒட்டுநாடாவால் கட்டுங்கள். தரையைத் தொடும் இடத்தில் நாடா வரக்கூடாது.
2. காரைப் பலகையின்மேல் வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். கார் வழுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள்.
3. பலகையின் உயர்ந்த முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளங்கள். அந்த முனைக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து பலகையின் மறுமுனை வரை தரையில் எவ்வளவு தூரம் என்றும் அளங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் உராய்வுக் கெழு கிடைக்கும்.
4. சக்கரங்களின்மேல் ரப்பர் வளையம் மாட்டி மறுபடி அளங்கள்.
5. ரப்பரின்மேல் கொஞ்சம் முகப்பவுடர் தூவி அளங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, மறுபடி அளங்கள்.

ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். பலகை 45 பாகைக்கு மேல் சாய்ந்தும் கார் நின்றால் கெழு 1-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். பவுடர் தூவியபோதும் துடைத்தபோதும் கிடைத்த எண்களை ஒப்பிட்டால், டிராக் ஓட்டுநர்கள் ஏன் புகை பறக்க டயரைச் சுத்தம் செய்கிறார்கள் என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று இருக்கும்.

எண்களை அட்டவணையாக எழுதி அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்த முறை கடையில் குட்டி டயரைக் கையில் எடுக்கும்போது ரூலரை வைத்து அளவு பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள், எந்தப் பொருளில் செய்தது என்று கேளுங்கள். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.